ஓடாவி நிறுத்திய காற்று

பாஸ்கல் ஓடாவி தன் காற்றாலையைக் கட்டி முடித்த அன்று தூத்துக்குடியில் காற்று நின்றது. 1943ஆம் வருஷம், மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிஷம். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கொடி துவண்டு கம்பத்தோடு ஒட்டியபோது அதுவரை தன் வழுக்கைத் தலைமேல் ஆடிக்கொண்டிருந்த நிழல் திடீரென்று இல்லாமல் போய் வெயில் சுட்டதாகவும், இல்லாவிட்டால் தான் நிமிர்ந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை என்றும் அவரே பின்னால் சொன்னார்.

ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். பாஸ்கல் நல்ல ஓடாவி. அவர் இழைத்த பலகைக்கு நடுவே எறும்பு போகாது என்பார்கள். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த பெயர் அதனால் வந்ததல்ல. 1919இல் ஒரு நீராவிக் கப்பலில் தச்சராகப் போய்ப் பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், அன்றிலிருந்து காற்றாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆலந்தா தேசத்தில், அதாவது ஹாலந்தில், கடலுக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்து ஊற்றி, அந்த நிலத்தில் மாடு மேய்க்கிறார்கள், இறைப்பது காற்றாலை. கிரேக்கத் தீவுகளில் பன்னிரண்டு முக்கோணப் பாய் கட்டிய ஆலைகள் மலை உச்சியில் வரிசையாக நின்று கோதுமை அரைக்கின்றன, தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூப் பூத்த மாதிரி. பாரசீகத்தில் மண்சுவருக்கு நடுவே நாணல் தட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி, ராட்டினம் சுற்றுவதுபோல் சுற்ற விடுகிறார்கள். ஆயிரம் வருஷமாக அப்படித்தான். அங்கே காற்று வருஷத்தில் நூற்றிருபது நாள் ஓயாமல் அடிக்கும். போர்த்துகலில் குன்றுமேல் வெள்ளைக் கோபுரம், நாலு பாய், பாயைக் கட்டிய கயிறுகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் கலயங்கள். கலயம் எதற்கு என்று கேட்டால், ஆலைக்காரனுக்குத் தாகம் எடுத்தால் குடிக்கத் தண்ணீர் என்று பாஸ்கல் சொன்னார். இந்த எல்லா நாட்டிலும் அவர் தங்கியிருக்கிறார், ஆலைக்காரர்களோடு சாப்பிட்டிருக்கிறார், போர்த்துகலில் ஒரு ஆலைக்காரன் தன் மகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் காலைப் பிடித்திருக்கிறான். பதினோரு மாதத்தில் இத்தனை நாட்டில் எப்படித் தங்கினீர் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் கதை நின்றுவிடும் என்ற பயம் ஊருக்கு.

உண்மையில் பாஸ்கல் பார்த்த வெளிநாடு மொத்தம் ஒரு ஜன்னல். கப்பல் ராட்டர்டாமில் நின்றபோது சரக்கு அறைக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினொரு வாரம் கிடந்தார். ஜன்னல் வழியாக ஒரே ஒரு காற்றாலை தெரிந்தது. பக்கத்துக் கட்டில் கிழவன் ஓயாமல் புகை பிடிப்பவன்; சிகரெட் பெட்டிக்குள் வரும் படச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தான், அதில் காற்றாலைப் படங்கள் நாலை பாஸ்கலுக்குக் கொடுத்தான். ஒரு நாட்டுக்கு ஒரு சீட்டு. பின்பக்கம் அச்சடித்திருந்ததை பாஸ்கலால் வாசிக்க முடியவில்லை. கிழவன் சைகையில் சொன்னதில் பாதி புரிந்தது, மீதியை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். கால் சேர்ந்ததும் வேறொரு கப்பலில் நேரே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தன்னைப் பற்றி பாஸ்கலுக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதுமே இருந்ததில்லை. தச்சு நுணுக்கம் தெரிந்த பொய்யன் என்று நினைத்துக்கொள்வார், பொய்யிலும் மூட்டு தெரியாமல் இழைத்திருப்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. சீட்டு நாலும் உளிப்பெட்டிக்கு அடியில், துணியில் சுற்றிக் கிடந்தன. மனைவி பிலோமிக்கும் தெரியாது.

வினை அந்தக் கதைகளால்தான் வந்தது. ஊருக்குத் தெற்கே பெரிய உப்பளம் வைத்திருந்த மந்திரமூர்த்தி அண்ணாச்சி இருபது வருஷமாக இந்தக் கதைகளைக் கேட்டவர். யுத்தத்தில் ஆள்கள் பட்டாளத்துக்கும் துறைமுக வேலைக்கும் போய்விட்டார்கள், கிணற்றிலிருந்து உப்புத்தண்ணீரை ஏற்றத்தில் இறைத்துப் பாத்திக்கு விட ஆள் இல்லை. ஒருநாள் பாஸ்கலைக் கூப்பிட்டு, "வே ஓடாவி, ஒலகத்துக் காத்தாடியெல்லாம் பாத்துட்டு வந்திருக்கீரு. நமக்கு ஒண்ணு கெட்டிக் குடும்" என்றார். பாஸ்கலால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒன்றேகால் வருஷம் பாடுபட்டுக் கட்டினார். பவளக்கல்லில் வட்டமாக நாலு ஆள் உயரக் கோபுரம், உடைந்த தோணியின் பாய்மரத்தில் அச்சு, பூவரசங்கட்டையில் பல்சக்கரங்கள், பதினெட்டு அடியில் நாலு இறக்கை. கட்டக் கட்ட அவருக்கே ஆச்சரியம், பொய் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

திறப்புக்கு ஊரே வந்தது. பாய் விரித்ததும் இறக்கைகள் கிறீச்சென்றன, கனமாக ஒரு சுற்று சுற்றின, கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மேலே வந்து பாத்தியில் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. இரண்டாவது சுற்றில் பாதியில் இறக்கைகள் நின்றன. கொஞ்ச நேரம் எல்லோரும் ஆலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான், உப்பு வாரும் பெண்களுக்குத் தலைவியான செல்லக்கனி தன் முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காத்தில்லியே" என்றாள். பனையோலைகள் சரசரக்கவில்லை. கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் பூசும்போது சிந்திய சாம்பல் நேராகக் கீழே இறங்கி அவரவர் காலடியில் சிலுவையாகவே கிடந்தது. ஒவ்வொரு வீட்டு அடுப்புப் புகையும் கூரைக்கு மேலே தூணாக எழுந்து அசையாமல் நின்றதால், மூன்றாம் நாள் தூத்துக்குடிக்குத் தூரத்திலிருந்து வந்தவர்கள் ஊரில் இத்தனை கோயில் கட்டியது எப்போது என்று கேட்டார்கள். வாசனைகள் பிறந்த இடத்தை விட்டு நகரவில்லை. செவ்வாய்க்கிழமை மீன் வெட்டிய இடத்தில் வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமை மீனே நாறியது. சத்தங்களும் சோர்ந்துபோயின, கீழூரில் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டிவிட்டுப் போனாள், இரண்டு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த பங்குச் சாமியார் காதில் அது முழுசாக விழுந்தது, அவர் அவளுக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லும்படி விதித்தார். உப்பளத்தில் தண்ணீர் வற்றவில்லை. துறைமுகத்தில் அறுபது தோணிகள் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிடந்தன.

குற்றம் யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணெதிரே நடந்ததல்லவா. ஆலை காற்றைக் குடித்துவிட்டது என்றார்கள். நாலு பேர் ஏணி வைத்து ஏறிக் கோபுரத்துக்குள் காற்று அடைந்து கிடக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள், இரண்டு புறாதான் இருந்தது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏத்தம் எறைக்க ஆளில்லன்னுதானவே காத்தாடி கெட்டச் சொன்னேன்? ஒள்ள காத்தையும் நிறுத்திப்புட்டீரே! காயல்பட்டணத்துத் தோணிக்காரனுவ நாலு பேரு, துட்டுக் குடுக்கோம், அதப் பிரிச்சுப் போடுங்கிறானுவ." பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தன் வாழ்க்கையில் தன்னால் இதுவரை ஒரு ஈயைக்கூட நிறுத்த முடிந்ததில்லை, ஒரு கடற்கரையின் காற்றையே நிறுத்தியதாக ஊர் சொன்னால் அதை மறுப்பதா, ஒப்புக்கொண்டு பெருமைப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

இது வெறும் கேலியோடு போயிருக்கும். ஆனால் கடலில் ஒரு தோணி இருந்தது. பிலோமியின் தம்பி சிலுவை அதற்குத் தண்டல், அதாவது தோணித் தலைவன். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து ஏழு ஆள்களோடு கிளம்பியவன் புதன்கிழமை வந்து சேர வேண்டும். காற்று நின்ற நேரத்தில் நடுக்கடலில் இருந்திருக்கிறான். யுத்த காலம், தேடிப் போக இயந்திரப் படகு கொடுக்க அதிகாரிகள் தயாராக இல்லை. கட்டுமரக்காரர்கள் கைகள் தோல் உரிய இரண்டு நாள் துடுப்புப் போட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பினார்கள். தோணியில் இரண்டு பீப்பாய் தண்ணீர் இருக்கும், சிக்கனமாகக் குடித்தால் பன்னிரண்டு நாள். தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தால் பிழைத்துக்கொள்வார்கள், ஓடு ஏற்றிக்கொண்டு வந்தால் இல்லை. எதை ஏற்றினான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

பிலோமி அழவில்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஆறாம் நாள் காலையில் பாஸ்கலுக்குக் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊரு சொல்லுதது நெசமா? நீருதான் நிறுத்துனீரா?"

"ஏளா, நான் எப்படிளா..."

"நிறுத்தத் தெரிஞ்சவருக்கு வுடவும் தெரியணும். எந்தம்பியக் கொண்டு வாரும். அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒமக்குக் கஞ்சி உண்டு, பேச்சு கெடையாது."

பாஸ்கல் கஞ்சியைக் குடிக்காமல் உப்பளத்துக்குப் போனார். ஆலைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். ராட்டர்டாம் ஜன்னலில் அவர் தன் கண்ணால் பார்த்த விஷயம் ஒன்று உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் காலை அந்த ஆலையின் இறக்கை நிமிர்ந்து நிற்கும் இடத்தைச் சற்றே தாண்டிச் சாய்ந்து நின்றது, தாதிப்பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆலைக்காரன் வீட்டில் சாவு. இன்னொரு நாள் இறக்கை அந்த இடத்துக்குச் சற்று முன்பே நின்றது, எல்லோரும் சிரித்தார்கள், பேரப்பிள்ளை பிறந்திருந்தது. அங்கே ஆலைகள் அப்படித்தான் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் என்று கிழவன் கையை ஆட்டிக் காட்டினான். இப்போது தன் ஆலையின் இறக்கை நிமிர்ந்த இடத்தைத் தாண்டிச் சாய்ந்து நிற்பதை பாஸ்கல் பார்த்தார். ஆறு நாளாக அது துக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர். ஐம்பத்திரண்டு வயசில், முறிந்து சேர்ந்த காலோடு, கீழ் இறக்கையைத் தோளால் முட்டித் தள்ளினார். எலும்பு நொறுங்குவதுபோல் சத்தம் போட்டு அது ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. நகர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு சில்லென்ற மூச்சு பட்டது. பட்டுவிட்டு நின்றுவிட்டது.

காற்று ஆலையைச் சுற்றினால், ஆலை காற்றைச் சுற்றாதா என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். இது முட்டாள்தனம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இதுவரை தான் செய்த எந்த முட்டாள்தனத்தையும் விட இது பெரியதில்லை என்றும் தெரியும். செல்லக்கனியின் அண்ணனிடம் செக்கு மாடு இரண்டு இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து பல்சக்கரத்தோடு பூட்டினார்கள். மாடுகள் சுற்ற, இறக்கைகள் சுற்றின. ஆலந்தா மாதிரியில் சட்டம் அடித்த இறக்கைகள் அவை. கால்மணி நேரத்தில் வடமேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. குளிர்ந்த காற்று. ஈரப்புல் வாசனை, மாட்டுப்பால் வாசனை, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மருந்து வாசனை. பாஸ்கலுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டது போலவே இருந்தது. உப்பளத்தில் பெண்களுக்குப் பல் கிட்டியது, கடைகளில் இருந்த கம்பளியெல்லாம் ஒரு மணி நேரத்தில் விற்றுப் போயின, பாத்திகளில் உப்பு மெல்லிசாகப் பூத்து உடனே இறுகியது. ஊர் சந்தோஷப்பட்டது. பிலோமிதான் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, தம்பி தோணியைக் கரையை விட்டு அப்பால் தள்ளுகிறது. மாடு நின்றது, காற்றும் நின்றது.

அடுத்த ஐந்து நாள்களில் தூத்துக்குடி இரண்டு தேசத்துக் காற்றைப் பார்த்தது. கிரேக்கத்துக்கு முக்கோணப் பாய் பன்னிரண்டு வேண்டும், யுத்தத்தில் துணி கிடையாது, செல்லக்கனியும் மற்ற பெண்களும் சேலை கொடுத்தார்கள். பச்சையும் சிவப்பும் கத்தரிப்பூ நிறமுமாக ஆலை சுழன்றபோது அதன் அழகைப் பார்த்து மந்திரமூர்த்தி அண்ணாச்சியே துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். ஓமமும் ஆட்டு மந்தையும் மணக்கும் காற்று வந்தது, ஆனால் அதற்கு ஒரு திசை என்று இல்லை. சுற்றிச் சுற்றி அடித்து, ஆண்களின் வேட்டியை உருவி, மார்க்கெட்டில் குவித்திருந்த மிளகாய் வற்றலை வீடு வீடாகப் பங்கு வைத்தது. அதை நிறுத்தினார்கள். பாரசீகத்துக்குக் கோபுரத்தின் பக்கத்தில் மண்சுவர் எழுப்பிப் பனையோலைத் தட்டிகளைச் செங்குத்தாக நட்டார்கள். அந்தக் காற்றும் நிலத்து வழியாகத்தான் வந்தது, வரும்போது வழியிலிருந்த எல்லா மண்ணையும் கொண்டுவந்தது. வெள்ளை உப்பு சிவப்பாகிவிட்டது. மாட்டை அவிழ்த்த பிறகும் அது போக மறுத்தது, நூற்றிருபது நாள் அடித்தே பழகியது. தட்டிகளைப் பிடுங்கிப் போட்டுத்தான் அனுப்ப முடிந்தது. அதில் ஒரு சிறு துண்டு மட்டும் மூன்றாம் பாத்தி ஓரத்தில் வெகுநாள் சுற்றிக்கொண்டிருந்தது, உப்பு வாருபவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பன்னிரண்டாம் நாளும் போய்விட்டது. தோணியில் தண்ணீர் தீர்ந்திருக்கும். பதின்மூன்றாம் நாள் காலையில் ஆலையடியில் கூடியிருந்தவர்கள் நடுவே பிலோமி வந்து நின்றாள். பேச்சு கிடையாது என்று சொன்னவள், ஆகவே ஊரைப் பார்த்துப் பேசினாள்.

"இங்க வந்த காத்தெல்லாம் தரை வழியா வந்தது. தரை வழியா வந்தா கடலுக்குத்தான் தள்ளும். கடல் வழியா நம்ம கரைக்கு வந்தவன் யாரு? நம்ம தாத்தனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்க ஆள் கூட்டியாந்தவன் எந்த வழியா வந்தான்?"

"போர்த்துக்கீசுக்காரன்" என்றார்கள் எல்லோரும்.

"அவன் ஊருக் காத்தாடியக் கெட்டச் சொல்லுங்க. அவன் காத்தும் அந்த வழியாத்தான் வரணும்."

எல்லோரும் பாஸ்கலைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அவர் போர்த்துகலை மட்டும் தள்ளிப் போட்டதை அப்போதுதான் ஊர் கவனித்தது. நாலு பாய், சுற்றிலும் கயிறு. அது சுலபம். கயிற்றில் கலயம் கட்ட வேண்டும். மந்திரமூர்த்தி அண்ணாச்சி குயவர் வீட்டுக்கு ஆள் அனுப்பத் திரும்பி, "வே, கலயத்துக்கு வாய் எத்தன அங்குலம்? எந்தப் பக்கம் பாத்துக் கெட்டணும்?" என்று கேட்டார்.

பாஸ்கல் வாயைத் திறந்தார். இருபத்துநாலு வருஷமாக அவர் வாயைத் திறந்தால் ஏதாவது வந்துவிடும். இப்போதும் வந்தது, நாக்கு நுனியில் மூன்று அங்குலம் என்று தயாராக நின்றது. அதற்குள் பிலோமி விரதத்தை முறித்து அவரையே நேராகக் கேட்டாள்.

"நானும் கலியாணமான நாளா கேக்கணும்னு இருக்கேன். சுத்துத எறக்கையில தண்ணிக் கலயத்தக் கெட்டுனா, தண்ணி சிந்தாதா?"

அந்தக் கேள்வி காற்றில்லாத வெயிலில் அங்கேயே நின்றது. பாஸ்கலுக்கு அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தெரியவில்லை. கடலில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர் மூன்று அங்குலம் என்று சொன்னால் ஊர் மூன்று அங்குலம் கட்டும்.

"எனக்குத் தெரியாது" என்றார். "நான் போர்த்துகலுக்குப் போனதில்ல. கிரேக்கத்துக்கும் போனதில்ல. எங்கயும் போனதில்ல. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தேன்." உளிப்பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, நாலு சிகரெட் சீட்டுகளையும் ஆலைப் படிக்கட்டில் வரிசையாக வைத்தார். "இவ்வளவுதான்."

அவர் எதிர்பார்த்தது கல்லடி. கூட்டம் குனிந்து சீட்டுகளைப் பார்த்தது. ஒருவர் பெருமூச்சு விட்டார், அதுவும் நகராமல் அங்கேயே நின்றது. செல்லக்கனி முதலில் சிரித்தாள். "அந்த ஆலைக்காரன் மவ?" என்று கேட்டாள். "அவளும் இல்ல" என்றார் பாஸ்கல். அதற்குத்தான் கூட்டம் ரொம்ப வருத்தப்பட்டது, பலபேர் அந்தப் பெண்ணோடு மனசுக்குள் நல்ல பழக்கமாகியிருந்தார்கள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி நாலு சீட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் பாத்தா இம்புட்டுப் பெருசாக் கெட்டுனீரு?" என்றார். அது வசவா பாராட்டா என்று அவருக்கே தெளிவில்லை. பாஸ்கலுக்குத் தோளில் சுமந்த மரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இறக்கி வைத்த பிறகு தான் எவ்வளவு சின்ன ஆள் என்று பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

பிலோமி சிரிக்கவில்லை. போர்த்துகல் சீட்டை வெயிலில் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள். கருவாட்டுக்கு மீன் தேர்ந்து பழகிய கண் அவளுக்கு. கயிற்றில் கடுகளவு தெரிந்த அந்தச் சாமான்களை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது தண்ணிக்கு இல்ல. வாயி காத்தப் பாத்து இருக்கு. இது ஊதுததுக்கு. கலயமோ என்னமோ, நமக்குக் கலயம் எதுக்கு? சங்கு இருக்குல்லா!"

கரையில் சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் புழு அரித்துக் கழித்துப் போட்ட சொத்தைச் சங்குகள் மலைபோலக் கிடந்தன. முத்துக் குளிக்கும் மணப்பாடு ஆள்களும் சங்கு குளிக்கும் ஆள்களும் காற்றில்லாமல் சும்மாதான் இருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நூற்றுநாற்பது சங்குகளுக்கு முனை அறுத்துத் துளை போட்டார்கள். பாஸ்கல் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துக் கனத்த குரல் உள்ளதைக் கயிற்று நுனியிலும் கீச்சுக் குரல் உள்ளதை அச்சுப் பக்கத்திலும் கட்டினார். எங்கே கட்டுவது என்று தெரியாதபோது தெரியாது என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கேட்டார். வேலை இப்படி வேகமாக நடக்கும் என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

மாடுகளைப் பூட்டினார்கள். ஆலை சுழன்றது. முதலில் நாலைந்து சங்குகள் முனகின, பிறகு எல்லாமாகச் சேர்ந்து ஒரே ஓசையாக, பெரிய கோயில் ஆர்மோனியத்தின் அடிக்கட்டையை அமுக்கிப் பிடித்த மாதிரி எழுந்தது. காற்று மட்டும் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. மாடுகளை மாற்றினார்கள், அவையும் களைத்தபோது ஆண்கள் நுகத்தடியில் தோள் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பிறகு பெண்கள். கூட்டத்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார், போர்த்துக்கீசுக்காரன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தவன், அவன் காற்றும் அப்படியே சுற்றிக்கொண்டுதானே வர வேண்டும், சாவகாசம் கொடுங்கள் என்றார். அது நியாயமாகப் பட்டதால் எல்லோரும் தொடர்ந்து தள்ளினார்கள். பாஸ்கல் காலை இழுத்து இழுத்துச் சுற்றினார், பக்கத்து நுகத்தடியில் பிலோமி.  அவர் தடுமாறியபோது அவள் முழங்கை அவரைத் தாங்கியது.

பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து காற்று வந்தது. நீண்ட பயணம் வந்த களைப்பு அதில் தெரிந்தது, மெதுவாகத்தான் வீசியது. ஆரஞ்சுத் தோலும் தாரும் ஈரக்கயிறும் மணத்தது. துறைமுகக் கொடி நிமிர்ந்தது. இரண்டு வாரமாக வீடுகளின் மேல் நின்ற புகைத்தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மேற்கே போயின. நுகத்தடியில் இருந்தவர்கள் கையை எடுத்தார்கள். ஆலை தானாகவே சுழன்றது, சங்குகள் நிறுத்தாமல் ஊதின, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பாத்திக்கு ஏறியது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கடற்கரைக்கு ஓடிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது முயல்தீவுக்கு அப்பால் ஒரு பாய் தெரிந்தது. தோணி அணைந்தபோது எட்டுப் பேரும் தங்கள் காலாலேயே இறங்கினார்கள். ஓடுதான் ஏற்றியிருந்தார்கள். ஆனால் அவரவர் வீட்டுக்கென்று வாங்கிய தேங்காய் ஒரு சாக்கு இருந்திருக்கிறது, அதன் இளநீர் எட்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைசித் தேங்காயைத் திங்கட்கிழமை உடைத்தார்களாம். சிலுவையின் உதடு வெடித்திருந்தது, ஆள் பாதியாகியிருந்தான். பிலோமி அவனைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவன் முதுகில் நாலு போடும் போட்டாள்.

"காத்து வந்த பொறவும் எந்தத் திக்குன்னு தெரியலக்கா" என்று சிலுவை சொன்னான். "மூட்டமாக் கெடந்துச்சு, காம்பஸ் முள்ளு செத்துப் போச்சு. அப்பத்தான் சங்குச் சத்தம் கேட்டுச்சு. நம்ம கரைச் சங்கு, எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுக்கிட்டே சுக்கானப் பிடிச்சேன்." பிறகு ஒதுங்கி நின்ற பாஸ்கலைப் பார்த்து, "அத்தான், இதையெல்லாம் போர்த்துகல்லதான் கத்துக்கிட்டீரோ?" என்றான்.

"இல்லடே. நான் அங்க போனதே இல்ல."

"சும்மா இரும்" என்றான் சிலுவை.

அன்றிலிருந்து இதுதான் பாஸ்கலின் தலைவிதியாயிற்று. யார் கேட்டாலும் உண்மையையே சொன்னார், யாரும் நம்பவில்லை. அன்று ஆலையடியில் நின்று சீட்டுகளைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட ஒரு வருஷத்தில் மாறிவிட்டார்கள். ஓடாவி அடக்கத்துக்காகச் சொல்கிறார், போகாத ஆள் இப்படிக் கட்ட முடியுமா என்றார்கள். போர்த்துகல் ஆலைக்காரன் மகளுக்கு ஊரில் ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அவள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று செல்லக்கனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்கல் மறுத்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். பொய் சொன்னபோது இருந்த மரியாதையைவிட, உண்மை சொல்லும்போது கிடைத்த மரியாதை அதிகமாக இருந்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

தூத்துக்குடியின் சொந்தக் காற்று சித்திரை மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் திரும்பி வந்தது. எங்கே போயிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் விருந்தாக வந்த போர்த்துகல் காற்றை அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, அது ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டுமே. ஆகவே இரண்டும் முறை வைத்துக்கொண்டன. திங்கள், செவ்வாய், வியாழன், சனி ஊர்க் காற்று. மற்ற நாள் போர்த்துகல் காற்று. ஞாயிற்றுக்கிழமை கோயில் விடும் நேரத்துக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து வரும். துறைமுக ஆபீஸ் பலகையில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நாலு காற்றின் பெயருக்குக் கீழே ஐந்தாவதாகப் போர்த்துகல் காற்றையும் எழுதினார்கள். 1947இல் ஆபீசில் ஆள்கள் மாறியபோது புதிதாக வந்த அதிகாரி, இந்த ஐந்தாவது எதற்கு என்று கேட்டாராம். அன்று புதன்கிழமை. குமாஸ்தா ஜன்னலைத் திறந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் நின்று ஆரஞ்சு வாசனையை முகர்ந்துவிட்டு, இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். அது நல்ல காற்று என்றுதான் கரையில் எல்லோருக்கும் அபிப்பிராயம். பிலோமி மட்டும் ஒரு குறை சொல்லுவாள்: அந்தக் காற்றில் கருவாடு காய ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கிறது.